வியன்னாவின் குழந்தைகளை நிமிரவைத்த ஹாரியட் சிக்

கைக்குழந்தையை மருத்துவரிடம் கொண்டு போனால், தடுப்பூசி அட்டையோடு ஒரு சின்ன பாட்டிலையும் எழுதித் தருவார். வைட்டமின் டி சொட்டு மருந்து. ஒரு வயது வரை தினமும் கொடுக்கச் சொல்வார். நாமும் வாங்கி வருகிறோம். சில நாள் கொடுக்கிறோம், சில நாள் மறந்துவிடுகிறோம். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, தாய்ப்பாலும் குடிக்கிறது, பிறகு இது எதற்கு என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் ஒருமுறையாவது வந்து போகும்.

அந்தச் சின்ன பாட்டிலுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் பிள்ளைகளின் கால்களை வளைத்துப்போட்ட ஒரு நோய்க்கு 300 ஆண்டுகளாகக் காரணம் தெரியாமல் இருந்தது. மருத்துவர்கள் கட்சி பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதத்தைக் குழந்தைகளின் தொட்டில் அருகிலேயே உட்கார்ந்து தீர்த்துவைத்தவர் ஒரு பெண். பெயர் ஹாரியட் சிக். அவர் மருத்துவர்கூட இல்லை, நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். 102 வயது வரை வாழ்ந்த அவருடைய வாழ்க்கையைப் பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது நல்லது.

எலும்பு வளையும் நோய்

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். ரிக்கெட்ஸ் வந்த குழந்தையின் எலும்பில் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராது. எலும்பு வளரும், ஆனால் இறுகாது. தலையோடு மென்மையாக இருக்கும். பல் முளைப்பது தாமதமாகும். மணிக்கட்டு பருத்துக் காணும். விலா எலும்புகளின் முனைகள் மணி கோத்ததுபோல் வரிசையாகப் புடைத்து நிற்கும். பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும், உடல் எடையைத் தாங்க முடியாமல் கால்கள் வில்லாக வளையும், அல்லது முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும்.

இது வெறும் அழகுக் குறைவு அல்ல. நெஞ்செலும்பு இளகிய குழந்தைகளுக்குச் சளியும் நிமோனியாவும் வந்தால் மீள்வது கடினம். பெண் குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் நீண்டது. இடுப்பெலும்பு குறுகிப்போய், அவள் வளர்ந்து தாயாகும் நாளில் பிரசவம் தடைபடும். பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில் எத்தனையோ தாய்மார்களும் சிசுக்களும் அப்படிப் போனார்கள்.

1650ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிளிசன் என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அதற்குப் பிறகு தொழிற்சாலைகள் பெருகி, நிலக்கரிப் புகை வானத்தை மூட, நெருக்கமான சந்துகளில் தொழிலாளர் குடும்பங்கள் அடைந்து வாழ்ந்த நகரங்களில் எல்லாம் இது பரவியது. லண்டன், கிளாஸ்கோ, பெர்லின், வியன்னா என்று எங்கும் வளைந்த கால்களோடு பிள்ளைகள் தெருவில் நடந்தார்கள்.

காரணம் என்ன? சிலர் இது தொற்றுநோய் என்றார்கள். கிளாஸ்கோ மருத்துவர்கள் காற்றோட்டமும் ஓடியாடலும் இல்லாததே காரணம் என்றார்கள். ஜப்பானில் பணியாற்றித் திரும்பிய தியோபால்ட் பாம் என்ற மருத்துவர், அங்கே இந்த நோயைக் காணவில்லை என்பதைக் கவனித்து, வெயில் இல்லாததே காரணம் என்று 1890இல் எழுதினார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உணவில்தான் குறை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வட கடலோர மக்கள் காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெயை ரிக்கெட்ஸ் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் குணம் கண்டிருந்தார்கள். ஆனால் அது பாட்டி வைத்தியம் என்று பல மருத்துவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

லேஸ் வியாபாரியின் மகள்

ஹாரியட் சிக் 1875ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை சாமுவேல் சிக், லேஸ் துணி வியாபாரி. நிறையப் பிள்ளைகள் இருந்த வீடு, இவர் ஐந்தாவது. கட்டுப்பாடான மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். தினமும் குடும்பத்தோடு வழிபாடு நடக்கும். வீண் பொழுதுபோக்குக்கு இடமில்லை. ஆனால் அந்தத் தந்தை ஒரு விஷயத்தில் தன் காலத்தைத் தாண்டி நின்றார். பெண் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கு அனுப்பினார். அவர்களில் பலர் பல்கலைக்கழகம் வரை படித்தார்கள். பெண்ணுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று ஊரே கேட்ட காலம் அது.

ஹாரியட் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியலும் நுண்ணுயிரியலும் படித்தார். மாசடைந்த நீரில் வளரும் ஒரு பச்சைப் பாசியை ஆராய்ந்து 1904இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே உதவித்தொகை பெற்று வியன்னாவிலும் மியூனிக்கிலும் சுகாதார ஆய்வுக்கூடங்களில் பயின்றார். ஜெர்மன் மொழியும் வியன்னா நகரமும் இளம் வயதிலேயே அவருக்குப் பழகிவிட்டன. பின்னாளில் அதுதான் அவரை மீண்டும் அந்த நகரத்துக்குக் கூட்டிச் சென்றது.

1905இல் லண்டன் லிஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் ஆராய்ச்சி இடத்துக்கு விண்ணப்பித்தார். அதுவரை எந்தப் பெண்ணும் வகிக்காத இடம். அங்கிருந்த ஊழியர் இருவர், ஒரு பெண்ணைச் சேர்க்கும் தவறைச் செய்துவிடாதீர்கள் என்று இயக்குநரிடம் முறையிட்டதாக வரலாறு சொல்கிறது. இயக்குநர் சார்லஸ் மார்ட்டின் அதைப் பொருட்படுத்தவில்லை. திறமையைப் பார்த்து இடம் கொடுத்தார். அந்த நிறுவனத்தோடு ஹாரியட்டின் தொடர்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

மூன்றே ஆண்டுகளில் அவர் யார் என்பதை எல்லோரும் அறிந்தார்கள். கிருமிநாசினி ஊற்றினால் கிருமிகள் எந்த வேகத்தில் சாகின்றன என்பதற்கு 1908இல் ஒரு கணக்கு விதியைக் கண்டு சொன்னார். சிக் விதி என்று அது இன்றும் குடிநீர்ச் சுத்திகரிப்பு படிக்கும் பொறியியல் மாணவர்களின் பாடத்தில் இருக்கிறது. மார்ட்டினும் அவரும் சேர்ந்து இன்னொன்றும் செய்தார்கள். கிருமிநாசினியைச் சுத்தமான தண்ணீரில் சோதித்தால் அது நன்றாக வேலை செய்வதாகத்தான் தெரியும். உண்மையில் அது பயன்படும் இடமோ அழுக்கும் மலமும் கலந்த இடம். ஆகவே அழுக்கு கலந்தே சோதிக்க வேண்டும் என்றார்கள். உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே வைத்துச் சோதிக்கும் இந்தக் குணம்தான் பின்னர் வியன்னாவில் கைகொடுத்தது.

கூத் முற்றுகை சொன்ன பாடம்

1914இல் முதல் உலகப் போர் வந்தது. டைஃபாய்டு காய்ச்சலைக் கண்டறிய ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சீரத்தை முதலில் தயாரித்துக் கொடுத்தார். பிறகு அவர் கவனம் உணவின் பக்கம் திரும்பியது. காரணம், இன்றைய இராக்கில் நடந்த ஒரு சம்பவம்.

1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை கூத் அல் அமாரா நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையை உஸ்மானியப் படை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே சிக்கிய படையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் இருந்தார்கள், நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். தீட்டிய வெள்ளை மாவு ரொட்டி தின்ற வெள்ளைக்காரர்களுக்குப் பெரிபெரி நோய் வந்தது. தீட்டாத ஆட்டா மாவு தின்ற இந்தியர்களுக்கு அது வரவில்லை. வெள்ளை மாவு தீர்ந்து எல்லோரும் ஆட்டாவும் பார்லியும் தின்னத் தொடங்கியபோது வெள்ளைக்காரர்களின் பெரிபெரியும் அடங்கியது. அதே சமயம் குதிரை இறைச்சியைத் தின்ன மறுத்த இந்தியச் சிப்பாய்கள் ஸ்கர்வி நோயில் விழுந்தார்கள். காய்கறியோ பழமோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஊர், ஒரே முற்றுகை. தட்டில் விழுந்ததைப் பொறுத்து நோய் ஆளுக்கொன்றாக வந்தது. வயிறு நிறைந்தால் மட்டும் போதாது, உணவில் கண்ணுக்குத் தெரியாத வேறு சில பொருட்களும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஹாரியட்டும் அவருடைய தோழி மார்கரெட் ஹியூமும் எந்த உணவில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஈஸ்டும் முட்டைப் பொடியும் பெரிபெரியைத் தடுக்கும் என்றார்கள். காய்ந்த பயறு ஸ்கர்வியைத் தடுக்காது, அதையே நனைத்து முளைகட்டினால் தடுக்கும் என்று அவர்கள் குழு காட்டியது. இன்று நாம் சாப்பிடும் முளைகட்டிய பயறின் மகிமை அன்று போர்வீரனுக்காகச் சோதிக்கப்பட்டது.

பசியில் கிடந்த வியன்னா

1918இல் போர் முடிந்தது. ஒரு பேரரசின் தலைநகராக இருந்த வியன்னா, பேரரசு உடைந்துபோக, சின்ன நாடொன்றின் பெரிய நகரமாகத் தனித்து நின்றது. சுமார் 20 லட்சம் மக்கள். பால் வந்த கிராமங்களும் நிலக்கரி வந்த சுரங்கங்களும் இப்போது அயல்நாட்டில். பிள்ளைகள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். ஸ்கர்வியும் ரிக்கெட்ஸும் வீட்டுக்கு வீடு இருந்தது.

1919இல் லிஸ்டர் நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் ஹாரியட்டை வியன்னாவுக்கு அனுப்பின. அப்போது அவருக்கு 44 வயது. ஆஸ்திரேலிய மருத்துவர் எல்சி டால்யெல் உடன் சென்றார். பின்னர் மார்கரெட் ஹியூம், குழந்தை மருத்துவர் ஹெலன் மெக்கே, ஹன்னா ஹெண்டர்சன் ஸ்மித் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் பெண்கள். ஓராண்டுக்கு முன்புவரை எதிரி நாடாக இருந்த நாட்டின் குழந்தைகளைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள். போரில் ஜெயித்த நாட்டிலிருந்து வந்தோம் என்ற மிடுக்கோடு போயிருந்தால் எந்தத் தாயும் தன் பிள்ளையை அவர்களிடம் ஒப்படைத்திருக்க மாட்டாள்.

அங்கே பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. சாதாரண மனிதர் அல்ல. அலர்ஜி என்ற சொல்லை 1906இல் உலகுக்குக் கொடுத்தவர். தோலில் கீறிக் காசநோயைக் கண்டறியும் சோதனையைக் கண்டுபிடித்தவர். அமெரிக்க நிவாரண அமைப்பு ஆஸ்திரியப் பிள்ளைகளுக்குத் தினமும் வழங்கிய உணவை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. ரிக்கெட்ஸ் ஒரு தொற்றுநோய் என்பது அவருடைய எண்ணம். உணவுக் குறையால் வருகிறது என்று இந்தப் பெண்கள் சொன்னதை அவர் நம்பவில்லை.

ஆனாலும் அவர் கதவை மூடவில்லை. என் மருத்துவமனையில் இடம் தருகிறேன், குழந்தைகளைத் தருகிறேன், செவிலியரைத் தருகிறேன், நீங்களே சோதித்துக் காட்டுங்கள் என்று விட்டுவிட்டார். தன் கருத்து தோற்றுப்போகக்கூடிய சோதனைக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்த அந்தப் பெருந்தன்மை இல்லாமல் இந்த வரலாறு இல்லை.

ஒரே கூரை, இரண்டு உணவு

பிர்க்கேயின் மருத்துவமனை சுத்தத்துக்குப் பேர் போனது. நல்ல காற்றோட்டம், நல்ல கவனிப்பு. காற்றும் சுத்தமும் இல்லாததுதான் காரணம் என்றால் அங்கே வளரும் குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வரக் கூடாது. தொற்றுதான் காரணம் என்றால் அருகருகே கிடக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரேபோல் வர வேண்டும்.

ஹாரியட்டின் குழு, ரிக்கெட்ஸ் இல்லாத சின்னஞ்சிறு குழந்தைகளை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு அந்த மருத்துவமனையில் வழக்கமாகக் கொடுத்துவந்த சர்க்கரை கலந்த பால் உணவு. இன்னொரு பிரிவுக்குக் கொழுப்பு எடுக்காத பால் பொடியில் கரைத்த பாலும், கூடவே மீன் எண்ணெயும். கூரை ஒன்று, செவிலியர் ஒருவரே, குளிப்பாட்டலும் துணி மாற்றலும் ஒன்றே. உணவு மட்டும் வேறு.

குழந்தை கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து அவர்கள் எதையும் முடிவு செய்யவில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஹான்ஸ் விம்பர்கர் என்ற எக்ஸ்ரே நிபுணர் படங்களைப் படித்தார். நன்றாக எடை கூடிவரும் குழந்தையின் எலும்பிலேயே நோய் தொடங்கியிருப்பதைப் படம் காட்டியது. கண்ணுக்கு முன் புன்னகைக்கும் பிள்ளை நலமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வது எப்போதும் சரியாகிவிடாது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இங்கே மனதில் ஒரு கேள்வி எழும். ஒரு பிரிவுக்கு எண்ணெய் கொடுத்து, இன்னொரு பிரிவுக்குக் கொடுக்காமல் விட்டது சரியா? இன்று அப்படிச் செய்ய எந்த மருத்துவக் குழுவும் அனுமதிக்காது, அது நியாயமும்கூட. ஆனால் அன்று எது சரி என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் பெறாத குழந்தைக்குக் கிடைத்தது அந்த மருத்துவமனையின் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்துவந்த அதே உணவு. நோய் தொடங்கியதும் அந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுக்கப்பட்டது, அவர்கள் குணமடைந்தார்கள். இன்று கேட்காமலே நம் பிள்ளைக்குக் கிடைக்கும் சொட்டு மருந்தில் அந்த வியன்னா குழந்தைகளின் பங்கும் இருக்கிறது.

எதிர்பாராத விடை

குளிர்காலம் வந்தது. வழக்கமான உணவு உண்ட பிரிவில் குழந்தை மாற்றிக் குழந்தையாக ரிக்கெட்ஸ் தலைகாட்டியது. மீன் எண்ணெய் பெற்ற பிரிவில் வரவில்லை. உணவுக் கட்சி ஜெயித்துவிட்டது என்று அறிவித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம்.

ஆனால் கோடை வந்ததும் ஒரு வியப்பு. வழக்கமான உணவு உண்ட குழந்தைகளுக்கும் கோடையில் ரிக்கெட்ஸ் வரவில்லை. அதே பால், அதே சர்க்கரை, எண்ணெய் இல்லை, நோயும் இல்லை! தன் கருத்துக்கு ஒத்துவராத இந்த உண்மையை ஹாரியட் மறைக்கவில்லை, ஒதுக்கவுமில்லை. பின்தொடர்ந்தார்.

அந்த நேரத்தில் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், குவார்ட்ஸ் பாதரச விளக்கின் புற ஊதாக் கதிரால் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியிருந்தார். அவர் ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படச் செய்தார், மற்றக் கையின் எலும்பும் சேர்ந்தே குணமானது. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உண்டாகி இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் போகிறது.

வியன்னாவிலும் நோய் வந்த குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு மீன் எண்ணெய், சிலருக்கு விளக்கு வெளிச்சம், சிலருக்குத் திறந்த வெளியில் வெயில் என்று கொடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரே படங்கள் ஒன்றுபோல் பேசின. மூன்று வழியிலும் எலும்பில் சுண்ணாம்பு மீண்டும் படிந்தது. எண்ணெயும் வெயிலும் ஒரே வேலையைச் செய்கின்றன.

ஆக, வெயில் என்றவர்களும் உணவு என்றவர்களும் ஆளுக்குப் பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் சண்டையிட்டிருக்கிறார்கள். பிர்க்கே தன் பழைய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஆதாரத்தைக் கண்டதும் ஏற்றுக்கொண்டார். 1922இல் முடிவுகள் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. முழு அறிக்கை 1923இல் நூலாக வெளியானது.

பிற நாடுகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவழைத்து மீன் எண்ணெயால் தடுத்துக் காட்டியிருந்தார். அமெரிக்காவில் எல்மர் மெக்கல்லம் 1922இல் அந்த எண்ணெயில் இருக்கும் பொருளைத் தனியாக இனங்கண்டு வைட்டமின் டி என்று பெயரிட்டார். மனிதக் குழந்தைகளில், மருத்துவமனைக் கட்டிலில், உணவையும் வெயிலையும் இரண்டையும் சேர்த்துச் சோதித்து ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டிய பெருமை வியன்னாவுக்குப் போன அந்தப் பெண்கள் குழுவைச் சேரும்.

நாசிக்கிலிருந்து ஒரு செய்தி

அதே 1922இல் நம் நாட்டின் நாசிக் பகுதியிலிருந்தும் ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. அங்கே கண்டது எல்லோரையும் யோசிக்கவைத்தது. பாலும் நெய்யும் குறைவில்லாத வசதியான வீடுகளில், பெண்களும் கைக்குழந்தைகளும் வெளியே வராமல் உள்ளறைகளிலேயே இருந்த குடும்பங்களில் ரிக்கெட்ஸ் இருந்தது. வயலில் கூலி வேலை செய்து, குழந்தையை வரப்பில் கிடத்தி, அரைவயிற்றுக் கஞ்சி குடித்த ஏழைகளின் வீடுகளில் அது அரிதாக இருந்தது. இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடு நோய்க்குத் தெரியவில்லை. கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்பதுதான் கணக்கு.

இதை நம் குடும்பங்கள் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். திரை பேணுவதும் வெயில் படாமல் இருப்பதும் ஒன்றல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் கட்டிய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்தது. வெளியார் பார்வை படாமல் பெண்கள் அங்கே அரிசி புடைத்தார்கள், வற்றல் காயவைத்தார்கள், எண்ணெய் தேய்த்த பிள்ளையை மடியில் கிடத்தினார்கள். வெயில் அவர்களைத் தேடி வீட்டுக்குள் வந்தது. இன்று அந்த முற்றத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் அறையை நிறைக்கும், எலும்புக்கு உதவாது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஸ்காட்லாந்து பதில் சொல்கிறது. 1960களின் தொடக்கத்தில், பிரிட்டனில் ரிக்கெட்ஸ் அநேகமாக ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் அதே நோயை மருத்துவர்கள் கண்டார்கள். வெயில் குறைந்த வடநாடு, கருத்த தோல், வீட்டுக்குள் வாழ்க்கை, பெரும்பாலும் சப்பாத்தி உணவு, எல்லாம் சேர்ந்துகொண்டன. 1981இல் பிரிட்டனில் ரிக்கெட்ஸ் ஒழிப்பு இயக்கம் ஒன்று தனியாக நடத்தப்பட்டது. சொட்டு மருந்து வீடு வீடாகப் போன பிறகே நிலைமை மாறியது.

நூறு வயதைத் தாண்டி

வியன்னாவிலிருந்து திரும்பிய ஹாரியட் ஓய்வெடுக்கவில்லை. லிஸ்டர் நிறுவனத்தில் உணவு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1930களில் உலக நாடுகள் சங்கத்தின் உணவுக் குழுவுக்குச் செயலாளராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழத் தொடங்கியதும் கேம்பிரிட்ஜில் சார்லஸ் மார்ட்டினின் வீட்டிலேயே ஆய்வு தொடர்ந்தது. ஒரு காலத்தில் எதிர்ப்பை மீறித் தன்னைச் சேர்த்துக்கொண்ட அதே மார்ட்டின்.

அப்போது அவர் கவனம் ரொட்டி மாவின் மீது இருந்தது. கோதுமையை எவ்வளவு தீட்டலாம், எவ்வளவு தவிடு விட வேண்டும் என்பது நாட்டின் உணவுப் பிரச்சினை. தீட்டாத மாவு நல்லது, ஆனால் அளவு மீறினால் அதிலும் ஒரு சிக்கல். அயர்லாந்து முழுத் தவிட்டு மாவுக்கு மாறிய அந்தப் போர்க்காலத்தில் டப்ளின் நகரில் ரிக்கெட்ஸ் கூடியது. தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதுதான் காரணம். பிரிட்டன் மாவில் சுண்ணாம்புத் தூள் கலந்து அதைச் சரிக்கட்டியது. கூடவே சிறு பிள்ளைகளுக்கு மீன் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் அரசே வழங்கியது. குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகள் கால் வளையாமல் வளர்ந்தார்கள்.

1941இல் ஊட்டச்சத்து அறிஞர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஹாரியட்டும் ஒருவர். 1956 முதல் 1959 வரை அதன் தலைவராக இருந்தார், எண்பதைத் தாண்டிய வயதில். 1949இல் பிரிட்டன் அவருக்கு டேம் பட்டம் வழங்கியது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1977 ஜூலை 9ஆம் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார்.

நம் வீட்டுக்கு என்ன?

வெயில் கொளுத்தும் நாடு நமக்கு ஏன் இந்தக் கவலை என்று எண்ண வேண்டாம். வெயில் நாட்டில் இருக்கிறது, நம் பிள்ளை அதில் இருக்கிறதா என்பதே கேள்வி. சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்வோம்.

தாய்ப்பாலுக்கு நிகர் இல்லை, ஆனால் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. தாயிடமே அது குறைவாக இருந்தால் பிள்ளைக்கு இன்னும் குறைவு. ஆகவேதான் பிறந்தது முதல் ஒரு வயது வரை நாளொன்றுக்கு 400 யூனிட் சொட்டு மருந்தை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. மருத்துவர் எழுதிய அளவைத் தவறாமல் கொடுங்கள். கர்ப்பிணித் தாயும் தன் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

நடக்கும் பிள்ளையை வெளியே விளையாட விடுங்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயிலில்தான் தோல் வைட்டமின் டியை நன்றாக உண்டாக்கும். கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் நிறுத்த வேண்டாம், சிறிது நேரம் முகத்திலும் கை கால்களிலும் பட்டால் போதும். மொட்டைமாடியும் பால்கனியும் இருந்தால் பெண்கள், பெண் குழந்தைகளுக்கு அதுவே இன்றைய முற்றம்.

சுண்ணாம்புச் சத்தையும் மறக்கக் கூடாது. பால், தயிர், கேழ்வரகு, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன்கள் ஆகியவை தட்டில் இருக்கட்டும். வெயில் போதுமான அளவு கிடைத்தும் உணவில் சுண்ணாம்புச் சத்து இல்லாததால் ரிக்கெட்ஸ் வரும் பிள்ளைகள் நம் நாட்டிலும் உண்டு.

அதிகம் கொடுத்தால் அதிக நன்மை என்றும் நினைத்துவிடாதீர்கள். 1950களில் பிரிட்டனில் பால் பொடியிலும் பிற குழந்தை உணவிலும் வைட்டமின் டி அளவு மீறிச் சேர்ந்ததால் சில குழந்தைகளின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஆபத்தான அளவு கூடியது. அளவைக் குறைத்த பிறகே அது தணிந்தது. உறவினர் சொன்னார், கடைக்காரர் கொடுத்தார் என்று பெரிய அளவு மருந்தைக் குழந்தைக்கு ஊற்றக் கூடாது.

பிள்ளையின் பல் முளைப்பதும் நடப்பதும் மிகத் தாமதமானாலோ, மணிக்கட்டு பருத்தாலோ, கால் வளைவு வளர வளரக் கூடினாலோ, காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தச் சோதனையும் ஒரு எக்ஸ்ரேயும் உண்மையைச் சொல்லிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நேரத்தோடு சிகிச்சை கொடுத்தால் கால்கள் வளரும்போதே நிமிர்ந்துவிடும்.

நாளைக் காலை அந்தச் சின்ன பாட்டிலைத் திறந்து பிள்ளையின் வாயில் விடும்போது, எதிரி நாட்டுக் குழந்தைகளின் தொட்டில் அருகே மூன்று குளிர்காலங்களைக் கழித்த ஹாரியட் சிக்கை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.